உ என்று கீறிய கல்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பால்கனியில் துளசித் தொட்டியை நகர்த்தி, அதற்கு அடியில் ஐந்து வருடமாக இருந்த உன் கல்லை வெளியே எடுத்தேன். பல் தேய்க்கவில்லை, வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை உள்ளே எடுக்கவில்லை. தொட்டி நல்ல கனம். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கியதில் உடையெல்லாம் சேறாயிற்று. கல்லின் மேல்முகத்தில் தொட்டியின் வட்டம் கறுப்பாகப் பதிந்திருந்தது. ஓரங்களில் பாசி. புரட்டினேன். அடிமுகத்தில், ஆணியால் கீறிய ஒரே ஒரு எழுத்து. உ.

அந்த எழுத்து அங்கே இருப்பது எனக்குத் தெரியும். நீ கொடுத்த அன்றே பார்த்தேன். ஆனால் அது என்ன எழுத்து என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்பத்தாறு வயதில், எம்.டெக் படித்தவள், ஓர் உயிரெழுத்தைப் படிக்க ஐந்து வருடம் எடுத்துக்கொண்டேன்.

கல்லை ஒரு வாளித் தண்ணீரில் இறக்கிவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். தினமும் செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் வழிந்து அதன் மேல்தானே போகிறது, இதில் புதிதாக வாளி எதற்கு என்று கேட்டிருப்பாய். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்க்கிற உன் சோதனையைத்தான் நான் ஐந்து மழைக்காலமாக, சோதனை என்று தெரியாமலே, செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன்னால் வேகமாகப் படிக்க முடியாது. கட்கியில் ஆயுதத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நீ. வீட்டில் வேலூர்ப் பக்கத்துத் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகைகளை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு, "இதுல எங்க அப்பா பேரு எங்க வருதுன்னு பாரு. வரலன்னா அவரு போவ மாட்டாராம்" என்பாய். ஆங்கிலத்தில் எழுதினால் நீ ஒரே மூச்சில் படித்துவிடுவாய். அப்படி எழுத இந்த எட்டு வருடத்தில் எனக்குத் துணிவு வரவில்லை. நீ தடுமாறிப் படிக்கிற எழுத்தில், நீ இல்லாமல் போன பிறகு எழுதுகிறேன். இதுவும் ஒருவகை ஒளிந்துகொள்வதுதான்.

நேற்று மாலை தளேகாவ் திட்டத்தின் அறிக்கை என் மேசைக்கு வந்தது. நம் நிறுவனம் அங்கே புதிதாக ஒன்று கட்டப்போகிறது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள், முன்பு வாகடில் நாம் கட்டியது போலவே. எந்த முறையில் கட்டுவது, சுவருக்கு எந்தப் பொருள், எது சுற்றுச்சூழலுக்குக் குறைந்த கேடு என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். அதில் நீ செய்த மண் கல்லுக்கு எதிரே ஒரே வரி: "பரிசீலிக்கப்படவில்லை. முந்தைய சோதனைச் சுவர் இடிந்தது. காரணம், பொருளின் பலவீனம், மேற்பார்வைக் குறை." அடைப்புக்குறிக்குள் உன் பெயர். இன்று பதினொரு மணிக் கூட்டத்தில் வடிவமைப்புப் பிரிவின் தலைவி என்ற முறையில் நான் அதன்கீழ் கையெழுத்துப் போட வேண்டும்.

அறிக்கையின் பின்னிணைப்பில் உன் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துச் சேர்த்திருந்தார்கள். அதைச் சேர்த்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்.

நாம் இருவரும் ஒரே வயது. நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது நீ ஏற்கெனவே அங்கே தரக்கட்டுப்பாட்டில் இருந்தாய். முதல் நாள் நான் போனில் அம்மாவிடம் "சரிங்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, அன்றிலிருந்து எனக்கு வைத்த பெயர் "கோயமுத்தூரு". சைட்டில் நூறு பேர் நடுவில் "அரே கோயமுத்தூரு, இங்க வாடி" என்று நீ கத்தினால், மராத்தி மேஸ்திரிகள் எல்லாரும் அது என் இயற்பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள். தத்தா மிஸ்திரி எனக்கு வாட்சப்பில் தீபாவளி வாழ்த்து அனுப்பும்போது இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறார்.

என் தமிழில் நீ கண்டுபிடித்த ஒரு குறையை என்னால் மறக்க முடிவதில்லை. எந்த வேலையைக் கேட்டாலும் நான் "பாத்துக்கலாம்" என்பேனாம். டிராயிங் எப்போது வரும், பாத்துக்கலாம். ஜன்னல் அளவு மாறிவிட்டதே, பாத்துக்கலாம். ஒருநாள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்திவிட்டுச் சொன்னாய்.

"இந்தியில தேக் லேங்கேன்னா, 'நாங்க'ன்னாவது உள்ள இருக்கு. மராத்தியில பகூன்னாலும் 'நாம' இருக்கு. உன் பாத்துக்கலாம்ல ஆளே இல்லடி. யாரு பாத்துக்குவா?"

நான் பள்ளியில் இலக்கணம் படித்தவள். அந்த வினைக்கு எழுவாய் வெளியில் தெரியாது என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை. சிரித்தேன். சோற்றைப் பிசைந்தபடி, இனிமேல் "பாத்துக்கறேன்"னு சொல்லு என்று நீ கட்டளை போட்டாய். அதற்கும் நான் பாத்துக்கலாம் என்றேன்.

வாகட் கட்டடத்துக்குத் தோண்டத் தொடங்கியபோதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. மேலே இருந்த கரிசல் மண் எதற்கும் உதவாது, தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாக முரூம், பாறை பாதி மண்ணாகிப்போனது, இரண்டு தளம் ஆழத்துக்கு. அதை டம்பர் டம்பராக எங்கோ ஓர் ஓடைக்கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நீ கண்ணாடி பாட்டில்களில் முரூமையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி, சைட் ஆபீஸ் ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தாய், மணலும் களியும் எப்படிப் பிரிந்து படிகிறது என்று பார்க்க. காவலாளி அவற்றில் ஒன்றை டீ என்று நினைத்து மோந்து பார்த்த கதையை நீ நடித்துக் காட்டுவாய்.

"இங்க தோண்டற மண்ண லாரியில ஏத்தி வெளிய கொட்டறோம். அதே லாரியில வேற ஒரு மலைய உடச்சி உள்ள கொண்டாறோம். இது இன்னா புத்தி?" என்றாய்.

மேலிடத்தின் விருப்பம் அலுமினிய அச்சு. சுவரும் கூரையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட்டில் வந்துவிடும், வாரத்துக்கு ஒரு மாடி எழும்பும். நீ கேட்டது தூணும் உத்தரமும் கான்கிரீட். இடையில் நிரப்புகிற சுவருக்கு, அந்த முரூமைச் சலித்து, கொஞ்சம் சிமெண்ட் கலந்து, கை மெஷினில் அழுத்திச் செய்த கல். சுடவே வேண்டாத கல். அதற்கு நீ சொன்ன காரணம் எளிமையானது. மேலே வீடு மாறாது. கீழே கடை மாறிக்கொண்டே இருக்கும், இன்றைக்கு மருந்துக்கடை, நாளைக்குக் கிளினிக், அப்புறம் டியூஷன் சென்டர். மாறுகிற இடத்தில் உடைக்கவே முடியாத சுவரை ஏன் வைக்க வேண்டும்? நான் அந்த வாக்கியத்தை அப்படியே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு ஒரு கருத்தரங்கில் என்னுடையதைப் போலச் சொல்லியிருக்கிறேன். அதுவும் உனக்குத் தெரியாத ஒன்று. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

முதலாளி, எல்லாரும் சாஹேப் என்று அழைக்கும் அந்த மனிதர், கெட்டவர் இல்லை. ஒரு சுவர் கட்டிக் காட்டுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். நீ கல் செய்ய ஆரம்பித்தாய். ஒவ்வொரு தடவை கலந்து செய்ததையும் தனி அடுக்காக வைத்து, ஈரம் காயும் முன்பே ஒவ்வொரு கல்லிலும் ஆணியால் ஓர் எழுத்து கீறி வைத்தாய். எண் போட்டால் சைட்டில் இருக்கிற நூறு எண்ணோடு கலந்துபோகும், இதை யாரும் மாற்றி எழுத முடியாது என்றாய். அ, ஆ, இ, ஈ. "ஒன்றாங் கிளாஸா நடத்தறே?" என்று நான் கிண்டல் செய்தேன். "எனக்கு ஒன்னாங் கிளாஸ்தானே கெடச்சது, வேலூர்ல ஒரு லீவுல" என்றாய்.

இனி எழுதப்போவதை எத்தனையோ தடவை மனதுக்குள் எழுதி அழித்திருக்கிறேன்.

அந்த மே மாதம் உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். நீ ஒரு வாரம் லீவு. மறுநாளே செய்தி வந்தது, சாஹேப் வெளிநாடு போகிறார், அடுத்த மாதம் பார்ப்பதாக இருந்த சுவரை இந்த வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுவார் என்று. நான் உனக்குப் போன் செய்தேன். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடி இருக்கிற அடுக்குங்க எல்லாம் மாசம் தாண்டினது. அதுல இடுப்பளவு வரும். இடுப்பளவு கட்டு, போதும். பின்னாடி அடுக்க மட்டும் தொடாத கோயமுத்தூரு. ஒன்பது நாளுதான் ஆச்சு. அது இன்னும் கச்சா."

"சரி, பாத்துக்கலாம்" என்றேன்.

"பாத்துக்கறேன்னு சொல்லுடி" என்றாய். அதற்குள் உன் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இடுப்பளவுச் சுவர் எனக்குப் பிடிக்கவில்லை. உண்மை அவ்வளவுதான். நான் வரைந்து வைத்திருந்த சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது, அதற்கு மேல் கல்லாலேயே ஒரு வளைவு. அதை சாஹேப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இடுப்பளவு கட்டினால் காம்பவுண்டு சுவர் போல இருக்குமே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உன் கல்லுக்காகச் செய்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். தத்தா மிஸ்திரியைக் கூப்பிட்டு, முழு உயரம் கட்டுங்கள், குறைகிறதற்குப் பின்னால் இருக்கிற அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தயங்கினார். அந்த மேடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே என்றார். நான் சொல்கிறேன், கட்டுங்கள் என்றேன். அந்த ஒரு தடவை என் வாக்கியத்தில் "நான்" இருந்தது.

சுவர் எழும்ப வேண்டிய இடத்துக்கு அந்தப் பின் அடுக்குதான் பக்கம். ஆட்கள் அதையே முதலில் எடுத்தார்கள். அதனால் பச்சைக் கல்லெல்லாம் அடிவரிசைகளுக்குப் போயிற்று, முற்றின கல் அதன் தலைமேல் உட்கார்ந்தது. வியாழக்கிழமை பிற்பகல் ஆலங்கட்டியோடு கோடை மழை. சுவரின் தலைக்குத் தார்ப்பாய் போட்டிருந்தோம். காலடியில் தண்ணீர் தேங்கியதை யாரும் பார்க்கவில்லை. நானும் சைட் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் நின்று வளைவு நனையாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சாஹேப் வந்தார். கையில் குடை. சுவரைச் சுற்றி நடந்தார், ஜன்னல் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு விளையாட்டாகக் குடையின் நுனியை அடிவரிசைக் கல் ஒன்றில் அழுத்தினார். அது உள்ளே போயிற்று. சிரமமே இல்லாமல், விரலளவுக்கு. அவர் குடையை உருவி, நுனியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்து, "இது கல்லா, பிஸ்கட்டா?" என்று இந்தியில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அன்று மாலைக்குள் ஒரு மூலை சரிந்து, என் வளைவும் அதோடு போயிற்று.

அடுத்த வாரம் நீ வந்தாய். கூட்டத்துக்கு முன்னால் உடைந்த சுவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "அடிவரிசைக்கு எந்த அடுக்கு எடுத்தாங்க?" என்று என்னிடம் கேட்டாய். மிஸ்திரி மாற்றி எடுத்திருப்பார் போல என்றேன். என் வாயால் அதைத்தான் சொன்னேன். கூட்டத்திலும் சாஹேப் காரணம் கேட்டபோது, நீ பேசுவதற்கு முன்பே, ஆட்கள் அடுக்கு மாற்றி எடுத்திருக்கலாம் என்று மென்மையாக, ஆங்கிலத்தில், எழுவாய் இல்லாத ஒரு வாக்கியத்தைச் செய்து சொன்னேன். அப்படியானால் அந்த மிஸ்திரியை மாற்றுங்கள் என்றார் அவர்.

நீ எழுந்தாய். என்னைப் பார்க்கவில்லை. முற்றாத கல் அது, முற்றினால் இப்படி ஆகாது, ஆனால் மேற்பார்வை என் பொறுப்பு, தத்தா மிஸ்திரி மேல் தவறு இல்லை என்றாய். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கையாள வேண்டிய பொருள் சைட்டுக்கு ஆகாது என்று சாஹேப் சொன்னார். அது நியாயமில்லாத பேச்சு என்று சொல்ல முடியாது. அலுமினிய அச்சு முடிவாயிற்று. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதுவேதான் முடிவாகியிருக்கும் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இருக்கலாம். ஆனால் தெளிவாக எழுதிவைக்கப்பட்ட உன் எச்சரிக்கையை மீறித்தான் அந்தச் சுவர் எழுந்தது என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தும் மறுத்திருந்தால் அது அவர்கள் முடிவு. தெரியாமல் மறுத்தார்களே, அது என் வேலை.

அதன் பிறகு பர்ச்சேஸ்காரர் ஒருநாள் டீ நேரத்தில் ஒரு பிஸ்கட்டை உன் டிராயிங்மேல் வைத்து, பக்கத்தில் "சாம்பிள்" என்று சீட்டு எழுதிவைத்தார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். நீ அந்த பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கி, வாய்க்குள் எண்ணி, வாயில் போட்டுக்கொண்டு, "மூணு செகண்டு தாங்குது. என் கல்லு இதவிட ஜாஸ்தி தாங்குச்சு" என்றாய். அதற்கும் சிரித்தார்கள். உன்னை பிஸ்கட் மேடம் என்று அழைக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். ஆறு மாதத்தில் நீ வேலையை விட்டாய். மற்றவர்கள் கான்கிரீட்டை உடைத்துப் பார்த்துச் சான்றிதழ் தருகிற ஒரு சோதனைக்கூடத்தில் சேர்ந்தாய். வழியனுப்பு விழாவில் உன்னைப் பாராட்டிப் பேசச் சொன்னபோது நான் நன்றாகத்தான் பேசினேன்.

வாகட் கட்டடம் முடிந்தபோது அதிலேயே நாங்கள் ஒரு வீடு வாங்கினோம். கிருகப்பிரவேசத்துக்கு நீ வந்தாய். மற்றவர்கள் குக்கரும் சுவர்க்கடிகாரமும் கொண்டுவந்தார்கள். நீ ஒரு துண்டில் சுற்றி இந்தக் கல்லைக் கொண்டுவந்தாய். என் மாமியார் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். நீ புரட்டி அந்த எழுத்தைக் காட்டினாய்.

"உங்க ஊர்ல எத ஆரம்பிச்சாலும் இதத்தானே மொதல்ல போடுவீங்க?"

பிள்ளையார் சுழி என்று மாமியாருக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வீட்டுக்கணக்கு எழுதினாலும் கடிதம் எழுதினாலும் தலையில் போடுகிற எழுத்து. அதைத் தனியாகப் பார்த்தால் எங்கள் வீட்டில் வேறெதுவும் தோன்றாது. நீயே பால்கனிக்குக் கொண்டுபோய்த் துளசிக்கு அடியில் வைத்தாய். "இப்ப நல்லா இறுகிடுச்சி. பாத்துக்கோ" என்றாய். கண்ணைத் தாழ்த்தாமல் என்னையே பார்த்துச் சொன்னாய். நான் உனக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினேன்.

இந்த வீட்டின் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் மாலை ஏழு மணிக்குக் கை வைத்தாலும் சுடும். ஒரு படம் மாட்ட டிரில் மெஷின்காரரைக் கூப்பிட வேண்டும். கீழே மருந்துக்கடைக்காரர் பக்கத்துக் கடையையும் வாங்கி, இடைச்சுவரை எடுத்துவிட்டு ஒரு டாக்டருக்கு இடம் கொடுக்கலாம் என்று பார்த்தார். அது பாரம் தாங்குகிற சுவர், தொடக் கூடாது என்று சொல்ல நானே போனேன். அவர் மராத்தியில் கேட்டார், கடைக்கு எதற்கு மேடம் இப்படி ஒரு சுவர் என்று. உன் கேள்வி, வேறு வாயிலிருந்து. நான் விதிமுறையைச் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

போன வருடம், மழை விடுகிற சமயத்தில், உனக்கு மூளையில் இரத்தக் கசிவு என்று செய்தி வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பதிமூன்றாம் நாள் கட்கிக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்து உள்ளறையில் உட்காரவைத்தார். உன்னைப் பற்றி என்னென்னவோ சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ கூடவே இருந்தியே. நெஜமாவே அவ கல்லு அவ்ளோ மோசமா? பிஸ்கட் பிஸ்கட்டுனு சிரிச்சாங்களாமே. எங்கிட்ட சொல்லினு சிரிப்பா. ஆனா அன்னிக்கு ரொட்டி தொட மாட்டா."

அதெல்லாம் இப்போது எதற்கம்மா என்றேன். அவர் தலையாட்டினார். தன் மகளைக் காப்பாற்ற நான் உண்மையைச் சொல்லாமல் இருக்கிறேன் என்று அவர் நினைத்ததை அந்த முகத்தில் பார்த்தேன். கல் மோசம்தான், இந்தப் பெண் நல்லவள், வாய்விட்டுச் சொல்லவில்லை என்று. அந்த எண்ணத்தோடு அவரை விட்டுவிட்டு வந்தேன். உனக்குச் செய்தவற்றில் இதுதான் மிக மோசம் என்று எனக்குப் படுகிறது. மற்றதெல்லாம் அவசரத்திலும் பயத்திலும் செய்தது. இதை உட்கார்ந்து, நிதானமாக, காப்பி குடித்துக்கொண்டு செய்தேன்.

நேற்று அந்தப் பின்னிணைப்பில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். கோணல் கோணலாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக. அ, ஆ, இ, ஈ, உ. ஒவ்வொன்றுக்கும் எதிரே கல் செய்த தேதி. உ என்பதற்கு எதிரே மட்டும் பெரிதாக ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் இந்தியில் "கச்சா, தொடாதே". ஐந்தாவது அடுக்கு. பின் அடுக்கு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கல்லை நினைத்துக்கொண்டே வந்தேன். ஆனால் தொட்டியைத் தூக்கிப் பார்க்க நேற்று மனம் வரவில்லை. இன்று காலை பார்த்தேன். அதே உ. அதே கோணல். பிள்ளையார் சுழியை யாரும் அவ்வளவு ஆழமாகக் கீற மாட்டார்கள்.

கல்லை வாளியில் போட்ட கையோடு தத்தா மிஸ்திரிக்குப் போன் செய்தேன். அவர் இப்போது ஆகுர்டியில் மகன் வீட்டோடு இருக்கிறார். "என்ன கோயமுத்தூர் மேடம், இவ்வளவு காலையிலே?" என்று சிரித்தார். நான் நேராகக் கேட்டேன், அன்றைக்கு அந்தப் பின் அடுக்கை எடுக்கச் சொன்னது நான் என்று அவளிடம் சொன்னீர்களா என்று.

அவள் லீவிலிருந்து வந்த அன்றே கேட்டாள், சொன்னேன் என்றார். கூட்டத்துக்கு முன்பா, பின்பா என்று கேட்டேன். முன்பு. அப்படியானால் ஏன் அவள் கூட்டத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் நீ சொன்னதை மராத்தியில் அப்படியே சொன்னார்.

"தீ ஸ்வதஹ சாங்கேல், தாதா." அவளே சொல்லுவாள், அண்ணா.

உனக்குத் தெரிந்திருக்கிறது. மிஸ்திரி மாற்றி எடுத்திருப்பார் என்று நான் சொன்னபோது தெரிந்திருக்கிறது. பிஸ்கட்டை நீ டீயில் முக்கியபோது, என் வழியனுப்புப் பேச்சுக்குக் கை தட்டியபோது, பாயசம் ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டியபோது, எல்லாம் தெரிந்து, நான் சொல்லுவேன் என்று காத்திருந்திருக்கிறாய். ஏழு வருடம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போன் செய்து "வேற இன்னா கோயமுத்தூரு? வேற இன்னா விசேஷம்?" என்று இரண்டு தடவை கேட்பாயே, அந்த இரண்டாவது தடவை எதற்கு என்று இப்போது புரிகிறது.

என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்கப்போவதில்லை. அதை உன்மேல் ஏற்றக் கூடாது.

ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்து, சமையலறையிலிருந்து ஓர் ஆணி கொண்டுவந்து ஓரத்தில் அழுத்திப் பார்த்தேன். ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். வாளித் தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது, அடியில் பாசி மட்டும்.

என் கணவர் குளித்துவிட்டு வந்து, இதென்ன காலங்காத்தால கல்லைக் குளிப்பாட்டிக்கிட்டு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை.

அறிக்கையில் அந்த வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதப்போகிறேன். முற்றாத கற்களை, தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரின் எச்சரிக்கையை மீறி, நான் எடுக்கச் சொன்னேன் என்று. பக்கத்தில் என் முழுப்பெயர். தளேகாவில் மறுபடி ஒரு சுவர் கட்ட வேண்டும், இடுப்பளவு போதும் என்றும் எழுதுவேன். அவர்கள் கட்டுவார்களோ மாட்டார்களோ தெரியாது. இந்த வேலையில் நான் இருப்பேனா என்பதும் தெரியாது.

ஆனால் கூட்டத்துக்கு நேராகப் போகப்போவதில்லை. கல்லைத் துடைத்து, நீ கொண்டுவந்த அதே துண்டைத் தேடி எடுத்துச் சுற்றி, காய்கறிப் பையில் வைத்துவிட்டேன். எட்டு கிலோவாவது இருக்கும், பையின் காது கையை அறுக்கிறது. முதலில் கட்கி. உன் அம்மா கதவைத் திறந்ததும், உட்காருவதற்கு முன்பே, காப்பி வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பதினொரு மணிக்குப் போய்ச் சேர முடியாது. தாமதமாகத்தான் போவேன்.

என்ன சொல்வது என்று இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "கல்லு நல்லாத்தான் இருந்துச்சுங்கம்மா. நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

இதில் ஆள் இருக்கிறது.